வற்றின ஏரியில் கரை எந்தப் பக்கம்

ஏரி மீன் குத்தகைத் தொழிலில் தண்ணீருக்கு யாரும் பயப்படுவதில்லை. தண்ணீர் வற்றின பிறகு மிஞ்சுகிறதே சேறு, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரும் குத்தகைக்காரராக இருந்து, நீங்களும் என்னைப் போலக் கரையில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருந்தால், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், எல்லாம் தெரிந்த கதை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஏரி. மாசி பிறந்தால் முக்கால்வாசி வற்றிவிடும். காய்ச்சின பால் ஆறினால் மேலே ஏடு படியுமே, அது மாதிரி சேற்றின் மேல் ஒரு பொருக்கு படியும். வெயிலில் வெளுத்து வெடித்து, நெல் காய வைக்கலாம் போலிருக்கும். அடியில் இருப்பது முழங்கால் சேறா, இடுப்புச் சேறா, ஆளையே மறைக்கும் சேறா என்பது கால் வைத்த பிறகுதான் தெரியும். மீனெல்லாம் நடு ஏரியில், எப்போதோ வண்டல் வாரின பள்ளத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளும். அதுவரை நடந்து போக வேண்டும். போவது பெரிதில்லை, மீன் பாரத்தோடு திரும்பி வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கரைதானே பத்திரம் என்று நினைக்காதீர்கள். நீளமான கரை, அதன் மேல் ரோடு. அந்தக் கரையை ஒட்டி, மதகுப் பக்கம்தான் ஏரிக்கே ஆழமான சேறு. அங்கே பொருக்கு உடைந்தால் கதை முடிந்தது. இறங்க ஏறத் தோதான இடம் ஒன்றுதான்: கரையின் ஒரு முனையில், வெள்ளக் காலத்தில் தண்ணீர் வழிந்து போகும் கோடி. அங்கே பாறை. அந்தப் பாறை மேல்தான் தராசை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். என்னைப் படிக்க வைத்த கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்தால் சிலுவை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

துடைத்த தரை

ஒரு நாள் கூடத்தைத் துடைத்துவிட்டு நிமிர்கிறேன், தரையெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. எங்கள் வீட்டுக்காரர் வெளியிலிருந்து வந்து, உள்ளே போய், தண்ணீர் குடித்து, மறுபடி வெளியே போயிருக்கிறார். குங்குமம் கொட்டின மாதிரி அவர் போன வழி தெரிகிறது. எனக்குக் கோபம் வந்தால் வாயும் பேசும், பாத்திரமும் பேசும். இரண்டும் பேசின. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் மனிதர் வழக்கமாகப் பின்கட்டு வழியாக மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். அன்றைக்கு அவரைப் போகவிடாமல் பிடித்து உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வேலிக்காத்தான் முள் ஒன்று செருப்பைத் துளைத்து, பாதத்தில் பாதி ஏறி நின்றது. "எப்ப ஏறிச்சி?" என்று என்னையே கேட்டார்.

கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பாதத்தில் நூல் மாதிரி எதையோ வைத்து வைத்து, தெரிகிறதா என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வந்து பாதத்தின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு தொழில் என்றால் சரி, நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்து விட்டுவிடலாம். பொருக்கின் மேல் நடப்பவனுக்குக் கண் பாதத்தில்தான் இருக்கிறது. ஈரமா, இளக்கமா, இறங்குகிறதா என்பதைப் பாதம்தான் முதலில் சொல்லும். இவருக்கு அது வாயை மூடிக்கொண்டுவிட்டது. இனி ஏரிக்குள் இறங்க வேண்டாம், கரையில் நின்று ஆளை ஏவினால் போதும் என்றேன். பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்த பிறகு சொன்னார்: "ஆளுங்ககிட்ட சொல்லிக்கினு இருக்காத. காலே இல்லாதவன் ஏரி எடுத்துக்கிறான்னு சிரிப்பானுங்க."

ஒட்டடைக் கொம்பு

பொருக்கில் நடக்கிறவர்கள் மூங்கில் கழியால் முன்னால் தட்டிப் பார்த்துத்தான் காலை வைப்பார்கள். 'டொக்' என்றால் வைக்கலாம். 'பொத்' என்றால் கூடாது. பலாப்பழம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் கழி பிடித்தால் கௌரவம் குறைந்துவிடும். கழி கிழவனுக்காம். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்தது. வீட்டில் ஒட்டடை அடிக்கிற மூங்கிலின் தலையை வெட்டி எறிந்துவிட்டு, அதைக் கொண்டுபோய் ஆட்கள் எல்லோரும் பார்க்க அவர் கையில் கொடுத்தேன். இது இல்லாமல் இறங்கினால் நானும் கூடவே இறங்குவேன் என்றேன். செய்வேன் என்று அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குக் கோடியில் அஞ்சலை இருந்தாள். சங்கராபுரத்திலிருந்து மொபெட்டில் வந்து கூடைக்கணக்கில் வாங்கிக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்பவள். எனக்கு வாய் நீளம் என்று சொல்கிறவர்கள் அவளிடம் ஒரு நாள் பேரம் பேசிப் பார்க்க வேண்டும். கழியைத் தட்டிக்கொண்டு போகிற மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா, அண்ணன் ஏரிக்கு ஒட்டடை அடிக்கப் போறாரா?"

எருமை போன வழி

கோழிக்கடை வைத்திருக்கும் ஒருவர் விரால் வாங்க வந்தார். மீன் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அந்த விஷயத்தில் அவரை நான் குறை சொல்ல முடியாது. எனக்கும் அந்தச் சரக்கு கம்மி. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் எனக்குக் கொடுக்கும் தண்டனையே, மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் அசையாமல் நில் என்பதுதான். ஒரு தடவைகூட முழுசாக நின்றதில்லை. ஆனால் நான் பாறையை விட்டு இறங்கியதில்லை. இவர் இறங்கிவிட்டார். பொருக்கில் எருமைக் குளம்புத் தடம் வரிசையாகப் போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் கையை ஆட்டினார். ஆட்டின கை மேலேயே நின்றது, ஆள் இடுப்புவரை உள்ளே போய்விட்டார்.

சேற்றில் மாட்டினால் செய்யக் கூடாததை எல்லாம் அவர் செய்தார். காலை உதறினார், எக்கினார், இடுப்புவரை இருந்தது நெஞ்சுவரை ஏறியது. வலைக்காரன் ஏழுமலை அன்னக்கூடையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தானும் குப்புறப் படுத்தே போனான். எங்கள் ஆட்கள் மீன் அள்ளிக்கொண்டு வர அலுமினிய அன்னக்கூடையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் போவார்கள். அது பொருக்கின் மேல் வழுக்கிக்கொண்டு வரும், சேற்றில் மிதக்கும். நெஞ்சை அதன் மேல் சாய்த்து, நீச்சல் அடிக்கிற மாதிரி படுத்து, காலை ஒவ்வொன்றாக மெல்ல உருவ வேண்டும். உருவின பிறகும் எழுந்திருக்கக் கூடாது; வந்த வழியே ஊர்ந்து திரும்ப வேண்டும். கோழிக்கடைக்காரர் பாறைக்கு வந்து சேர்ந்தபோது அவர் கட்டியிருந்த வேட்டி ஏரிக்குள் இருந்தது. என்னைவிட எருமை கனம் ஜாஸ்திதானே, அது போன வழியில் நான் ஏன் இறங்கினேன் என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். அஞ்சலை தன் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "அது சேறு எங்க கீதுன்னு தேடிக்கினு போவும் சார். நீ மீன் வாங்க வந்தியா, பொரள வந்தியா?"

சேற்றுக்குள் பாட்டு

எங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு பள்ளத்தோரம் குனிந்தார். அது நழுவி விழுந்து, பொருக்கின் வெடிப்பு வழியாக உள்ளே போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் கையை விட்டுத் துழாவினார்கள். நான் கரையிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டேன். மணி போகிறது. நடு ஏரியில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காலுக்கு அடியில், சேற்றுக்குள்ளிருந்து, அவர் வைத்திருந்த முருகன் பாட்டு சன்னமாகக் கேட்டதாம். ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டான். பாட்டு மெல்ல அமுங்கி நின்றது. எத்தனை ஆழத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு போனுக்கு என்னால் அன்றைக்கு இரவு சாப்பிட முடியாமல் போனது, நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

புதுப் போன் வாங்கியதும், ஏரிக்கு வந்தால் அதை என் கைப்பையில் போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு. யோசனை அவருடையது. "போன் கரையிலயே இருக்கட்டும். பாவம், அதுக்கு நீச்சல் தெரியாது."

ஆரஞ்சுப் புடவை

கோழிக்கடைக்காரர் விஷயத்துக்குப் பிறகு, கோடியிலிருந்து பள்ளம்வரை கெட்டியான தடத்தில் குச்சி நட்டு வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஏழுமலை தட்டித் தட்டித் தடம் பார்த்தான். காட்டாமணக்கு வேர் பிடித்திருக்கிற இடம், கோரை முளைத்த இடம் என்று பார்த்துப் பார்த்துப் போனதால் தடம் நேராக இல்லை, பாம்பு போன மாதிரி வளைந்தது. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் குச்சி. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று என் பழைய ஆரஞ்சு நைலக்ஸ் புடவையைக் கிழித்து ஒவ்வொரு குச்சியிலும் கட்டினோம். நாத்தனார் எடுத்துக் கொடுத்த புடவை. கிழிக்கும்போது எனக்கு வருத்தமே இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் நடந்து போய்த் திரும்பி வந்தார். அன்றைக்குத்தான் நான் பாறை மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஏழுமலை கையைத் தட்டிச் சேற்றை உதறிக்கொண்டு சொன்னான்: "இனிமே கண்ணக் கட்டி வுட்டாலும் வந்து சேந்துருவோம் அண்ணி. இது ஏரி இல்ல, நேஷனல் ஹைவே."

கரும்பு வண்டிக்காரர்

மாசியில் கரும்பு வெட்டு. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போகிற டிராக்டர்கள் எங்கள் ஏரிக்கரை ரோட்டில் விடியுமுன்னே வரிசை பிடிக்கும். வண்டிக்கு வண்டி ஸ்பீக்கர். கரும்பைவிட ஸ்பீக்கர்தான் பெரிதாக இருக்கும். கோடியில் உட்கார்ந்தால் வியாபாரி சொல்கிற விலை என் காதில் விழாது, நான் சொல்வது அவர்களுக்கு விழாது. ஒரு நாள் மஞ்சள் மப்ளர் கட்டிய ஒரு டிரைவரை நிறுத்தி, காது கேட்காதவன் கூட எழுந்து ஓடுகிற மாதிரி எதற்கய்யா இத்தனை சத்தம் என்று கேட்டேன். இறங்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "பாட்டு இல்லன்னா தூங்கிருவேன்க்கா. தூங்கினா நேரா உன் ஏரிலதான் வுழுவேன். மீனோட சேத்து என்னியும் எடை போட்டுருவியா?"

மலையிலிருந்து வந்த கிராக்கி

கரியாலூரில் ஒரு தங்கும் விடுதிக்குச் சமையல் பார்க்கிறவர் ராஜாங்கம். விடுதி நிறைய ஆள், உயிர் விரால் வேண்டும் என்று விடியற்காலையே ஜீப்பில் வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் பிடித்த விராலை வலைப்பையில் கட்டிப் பள்ளத்துத் தண்ணீரிலேயே போட்டு வைத்திருந்தோம். ஏழுமலை போய் எடுத்து வர வேண்டியதுதான். அவனும் ஆட்களும் வரும் ஆட்டோ வழியில் பஞ்சர். எங்கள் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் ஏரிக்கு வந்தார், ஜீப் நிற்பதைப் பார்த்தார், போனை ஏரிக்குக் கொண்டுபோனால் நான் திட்டுவேனே என்று நினைத்தாரோ என்னவோ, அதை வீட்டிலேயே என் பைக்குள் போட்டுவிட்டு வந்திருந்தார். அன்னக்கூடையையும் ஒட்டடைக் கொம்பையும் எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிவிட்டார். வானம் வெளுத்திருந்தது, குச்சியெல்லாம் நன்றாகத் தெரிந்தது என்று பிறகு சொன்னார்.

நான் ஆட்களுக்கு இட்லியும் குழம்பும் எடுத்துக்கொண்டு வரும்போதே மலை தெரியவில்லை. பிறகு மலை அடிவாரத்துத் தோப்பு தெரியவில்லை. நான் பார்க்கப் பார்க்க, பஞ்சு மெத்தையைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி பனி வந்து ஏரிமேல் உட்கார்ந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். கோடியில் ஜீப்புக்குள் போர்வைக்குள் இருந்த ராஜாங்கத்தை எழுப்பி, எங்கே அவர் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். "ஏரிக்குள்ள போனாருங்க. அப்ப இது இல்ல. மலையிலருந்து எங்க பின்னாடியே எறங்கி வந்துட்டுது போல."

விறகு

குச்சி இருக்கிறது, தடம் இருக்கிறது, தட்டித் தட்டி வந்துவிடுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பாறை விளிம்புக்குப் போனேன். நான்கு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதல் குச்சி நிற்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அப்போது பனிக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் தலையில் விறகுக் கட்டோடு ஏறி வந்தார்கள். கூலி வேலைக்குப் போகுமுன் அடுப்புக்குப் பொறுக்க வந்தவர்கள். கட்டு முழுக்க ஆரஞ்சு ஆரஞ்சாகத் தொங்கியது.

எங்கிருந்து பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். பாதி ஏரிவரை போனார்களாம். பள்ளத்தாண்ட யாரோ அந்தப் பக்கம் பார்த்துக் குனிந்திருந்தாராம். பனி இறங்கவும் திரும்பிவிட்டார்களாம். மூத்தவள் கட்டை இறக்காமலே சந்தோஷமாகச் சொன்னாள்: "நல்லா காஞ்ச குச்சிங்கக்கா. பத்த வெக்கச் சுளுவா இருக்கட்டும்னு எந்தப் புண்ணியவதியோ துணி கூட சுத்தி வெச்சிருக்குது."

கைப்பை

போன் போட்டேன். என் கைப்பைக்குள் முருகன் பாட்டு பாடியது. அஞ்சலை வந்து போனைப் பையிலிருந்து எடுத்து அணைத்தாள். அவள் எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. "ஏங்க" என்று கத்தினேன். பனிக்குள் எங்கேயோ "ஓய்" என்று ஒரு குரல். உயிர் வந்தது. அடுத்த குரல் வந்தபோது போய்விட்டது. அது கோடிப் பக்கம் வரவில்லை, கரையோடு நகர்ந்து மதகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. ரோட்டில் கரும்பு வண்டிகள் வரிசையாகப் பாடிக்கொண்டு போகின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத மனிதர், சத்தம் வருகிற பக்கம் கரை என்று நடக்கிறார். பாட்டு நகர நகர அவரும் நகர்கிறார். நேராக ஆழத்துக்கு. காலுக்கடியில் இளகுவதைச் சொல்ல அவருக்குப் பாதமும் இல்லை.

நான் கரைமேல் ஓடத் திரும்பினேன். அஞ்சலை என் தோளை அழுத்திப் பாறையிலேயே உட்காரவைத்தாள். நீயும் ஓடினா அந்தாளு எந்தப் பக்கம்னு வருவான், இங்கியே கெட என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினாள். பனிக்குள் அவள் ஹாரன் மட்டும் போனது. ஒரு பாட்டு நின்றது. இன்னொன்று நின்றது. கடைசியாக ஒன்று பாடிக்கொண்டே இருந்து, பாதி வரியில் அறுந்தது. என் போன் அடித்தது. அஞ்சலை நம்பர், பேசியது ஆண் குரல். மஞ்சள் மப்ளர்க்காரர் என்று குரலிலேயே தெரிந்தது. "இஞ்சினையும் நிறுத்திட்டேன்க்கா. பின்னாடி வர்றவங்களையும் நிறுத்தச் சொல்லிட்டேன். நீ கூப்புடு."

குழம்புக் கரண்டி

கூப்பிட்டேன். பனியில் என் குரல் எங்கேயும் போகவில்லை, பக்கத்திலேயே விழுந்தது. மிச்சமிருந்த அன்னக்கூடை ஒன்றைப் பாறை மேல் கவிழ்த்து, குழம்புக் கரண்டியால் அடித்தேன். அந்தச் சத்தம் தூரம் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில், மெதுவாக, பதில் வந்தது. அவர் தன் அன்னக்கூடையில் கழியால் தட்டுகிறார். மதகுப் பக்கமிருந்து. நான் அடித்தேன், அவர் தட்டினார். இதற்குள் ஏழுமலையும் ஆட்களும் ஓடி வந்தார்கள். ஒருவன் கரைமேல் போய் "அண்ணா, இந்தாண்ட" என்று கூவினான், இன்னொருவன் வேறு இடத்தில் விசிலடித்தான். எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஏழுமலை இறங்கப் பார்த்தான். ஹைவே விறகாகப் போய்விட்டது, பேசாமல் நில் என்றேன். ஒரு சத்தம்தான் இருக்க வேண்டும், அது ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

பிறகு அவர் தட்டுவது நின்றுவிட்டது. நான் அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். இறங்கு இறங்கு என்று கால் இரண்டும் கெஞ்சின. மாதா கெபி முன்னால் ஒருநாளும் நிற்காத கால். நகர்ந்தால் கரை நகர்ந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி அவற்றைப் பாறையிலேயே ஊன்றிக்கொண்டு அடித்தேன். கரண்டியின் தலை வளைந்துபோயிற்று. காம்பைத் திருப்பிப் பிடித்து அடித்தேன். அவர்மேல் கோபம், அவர் போன்மேல் கோபம், குச்சிமேல், விராலின் மேல், சர்க்கரையின் மேல். அடித்துக்கொண்டே இருந்தேன். கை ஓயும்போது ஏழுமலை கரண்டிக்குக் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை. ரோட்டில் அத்தனை வண்டிக்காரர்களும் கரும்பு மேல் ஏறிப் பனியைப் பார்த்தபடி நின்றார்களாம். ரொம்ப நேரம் கழித்து, பக்கத்தில், 'டொக்' என்று ஒரு சத்தம். கழி பொருக்கில் விழுகிற சத்தம். பிறகு இன்னொரு 'டொக்'. விறகுக்காரப் பெண் கட்டைக் கீழே போட்டுவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வராருக்கா. நிறுத்திராத. வராரு."

மரத்த கால்

முதலில் ஒட்டடைக் கொம்பு வந்தது, பிறகு மனிதர். கழுத்துவரை சேறு, இடுப்பில் கயிறு, கயிற்றில் அன்னக்கூடை, அதில் ஒரு விராலும் இல்லை. பனி விலகட்டும் என்று நின்ற இடத்தில் தண்ணீர் கசிவதைக் கண்ணால் பார்த்துத்தான் கிளம்பினாராம், காலுக்குத் தெரியவில்லையாம். மதகுப் பக்கம் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறார். மீனைக் கொட்டிவிட்டு அன்னக்கூடை மேல் கவிழ்ந்து, கரண்டிச் சத்தத்துக்கு நேராக ஊர்ந்து, 'டொக்' கேட்ட பிறகுதான் எழுந்தாராம். அதனால்தான் பதில் தட்டக் கை இல்லை. பாறையில் உட்காரவைத்து ஏழுமலை காலைக் கழுவினான். கிளிஞ்சல் ஒன்று உள்ளங்காலைக் கிழித்துச் சொருகியிருந்தது. இது ஏறினது தெரிலியாண்ணா என்று கேட்டான். "தெரில. ரொம்ப நாளாவே தெரில," என்றார், எல்லோரும் கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை. ராஜாங்கம் தன் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, நேத்து மிஞ்சின கெளுத்தியே கொடுங்க போதும் என்று சொல்லி வாங்கிப் போனார். கரும்பு வண்டிகள் கிளம்பின. மஞ்சள் மப்ளர் எங்களைத் தாண்டின பிறகுதான் பாட்டைப் போட்டது.

வளைந்த கரண்டியால்தான் இட்லிக்குக் குழம்பு ஊற்றினேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல், ஏழுமலையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்: "இருவது வருசமா இந்தச் சத்தம் கேட்டா எதிர்ப் பக்கமாத்தான் போவேன். இன்னிக்கித்தான் சத்தத்த நோக்கி வந்தேன்."

குத்தகைக்காரர் பெண்டாட்டிகளே, கழியும் அன்னக்கூடையும் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள், குச்சியை நம்பாதீர்கள், பாத்திரத்தை உருட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.